எதிர்ச்சீட்டு

இல்லைங்க சார், இருக்கட்டும், நிக்கிறேன். சரி, நீங்க இம்புட்டுச் சொல்றீக, உக்காந்துக்கிறேன். ஆமா, உங்க கரண்டு ஆபீசுக்கு வந்த அந்த லெட்டரு எங்க மேடம் எழுதுனதுதான். கீழ இருக்கிறது அவுக கையெழுத்துதான். டாக்டர் அன்னக்கொடி. ஊசி போடுற டாக்டர் இல்லைங்க, படிச்சு வாங்குன டாக்டரு. ஒத்தக்கடைக்கு அங்கிட்டு, மேலூர் ரோட்டுமேல ஆராய்ச்சிக்கூடம் ஒண்ணு இருக்குல்ல, அங்கதான். நான் அங்க அட்டெண்டருங்க. பேரு கண்ணுச்சாமி. வீடு வில்லாபுரம்.

பொங்கலுக்கு மூணு நாளு கரண்டு இல்ல, லைன்மேன் வந்து பாக்கல, சூட்டுப்பெட்டிக்குள்ள இருந்ததெல்லாம் செத்துப்போச்சு, ரெண்டு வருச ஆராய்ச்சி வீணாப் போச்சு. அப்படித்தான சார் எழுதியிருக்காக? ம். அவுக பொய் சொல்ற ஆளு இல்லைங்க. அதை மொதல்ல சொல்லிர்றேன். அவுக எழுதுனது அம்புட்டும் உண்மைன்னு நெனச்சுத்தான் எழுதுனாக.

லைன்மேன் உக்கிரபாண்டிக்கு மெமோ குடுத்திருக்கீகளாமே. நேத்து அவரு சம்சாரம் பஸ் ஸ்டாப்புல நின்னுச்சு. என்னை அதுக்குத் தெரியாது. பக்கத்துல நின்ன பொம்பளைகிட்ட, எங்க வீட்டுக்காரர் மூணு நாளா சாப்பிடல, வேலை போயிரும்னு மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடக்காருன்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு. அதான் வந்தேன்.

சுருக்கமாவா? சுருக்கமாச் சொல்ல எனக்கு வராதுங்க சார். அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாம, கரண்டைப் பத்திச் சொன்னா உங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. போன் அடிக்குது பாருங்க. பேசிட்டு வாங்க, நான் எங்கயும் போகல.

முடிஞ்சுதா? சரி.

மேடத்துக்கு ஊரு உசிலம்பட்டிக்கு மேக்க. அப்பா முத்திருளன், தோட்டம், கெணறு, மாடு கன்னுன்னு உள்ள குடும்பம். அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு பொம்பளப்புள்ள அமெரிக்கா போயி நாலு வருசம் இருந்து படிச்சுட்டு வந்துச்சுன்னா நீங்க நம்புவீகளா? அங்கயே இருந்திருக்கலாம். மெட்ராசு, டெல்லின்னு போயிருக்கலாம். போகல. நம்மூர்லயே செஞ்சு காட்டணும்னு இங்கிட்டு வந்தாக. நாங்களும் அந்தப் பக்கந்தான் சார், ஆனா அவுக தோட்டங்காட்டுல கூலிக்குப் போன சனம். எங்க அய்யா அவுக தெருவுல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்தவரு. மேடம் என்னை ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீ வா போன்னு பேசுனதில்ல. வந்த அன்னைக்கே கேட்டாக, கண்ணுச்சாமி, நீங்க இங்க என்ன வேலை செய்றீகன்னு. பாட்டில் கழுவுறேன் மேடம்னேன். அதுல ஒரு தூசி இருந்தாலும் என் ஆராய்ச்சி அம்புட்டும் பொய்யாப் போயிரும், அதனால நீங்கதான் இங்க மொத ஆளுன்னாக. அதுக்கப்புறம் நான் பாட்டில் கழுவுனதைப் பாக்கணுமே நீங்க.

அவுக என்ன ஆராய்ச்சி செஞ்சாகன்னு கேக்குறீகளா? சொல்றேன். எனக்குப் புரிஞ்ச மாதிரிதான் சொல்ல முடியும். நான் எட்டாங் கிளாசு. இங்க வாரதுக்கு முன்னாடி பழங்காநத்தத்துல ஒரு ஓட்டல்ல சப்ளையரு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு ஓட்டலை வெச்சே எனக்கு வெளங்க வெச்சாக.

நம்ம ஒடம்பு பூராம் செல்லு செல்லாத்தான் கட்டியிருக்காம். கண்ணுக்குத் தெரியாத சின்னது. ஒவ்வொரு செல்லும் ஒரு ஓட்டலுன்னு வெச்சுக்கங்க. நடுவுல ஒரு ரூமு, அதுக்குள்ள மொதலாளி. டி.என்.ஏ.ன்னு பேரு. அவரு வெளிய வரவே மாட்டாரு. என்ன வேணும்னாலும் சீட்டு எழுதி அனுப்புவாரு. அடுப்படியில மாஸ்டர் அந்தச் சீட்டைப் படிச்சுத்தான் சரக்கு போடுவாரு. அந்தச் சரக்குதான் புரோட்டீனு. வளரு, நில்லு, ரெண்டாப் பிரின்னு வேலை வாங்குறதெல்லாம் அந்தச் சரக்குதானாம். சில ஒடம்புல மொதலாளிக்குப் புத்தி பெரண்டு போயிரும். ஒரே சீட்டையே விடாம எழுதி எழுதித் தள்ளுவாரு. பெருகு, பெருகு, பெருகுன்னு. நிப்பாட்டச் சொல்ல ஆளு கெடையாது. அதுதான் சார் புத்துநோய்.

மொதலாளிய நம்மளால திருத்த முடியாது. ஆனா சீட்டு ரூமை விட்டு வந்து மாஸ்டர் கைக்குப் போற வழி ஒண்ணு இருக்கு பாருங்க, அங்கதான் மேடத்துக்கு வேலை. அந்தச் சீட்டுல என்ன எழுத்து இருக்கோ அதுக்கு நேர் எதிரெழுத்தா ஒரு துண்டு. பதினஞ்சே எழுத்து. மெஷின்ல வெச்சு மனுசன் கோத்தது. அதைச் செல்லுக்குள்ள விட்டா, நம்ம ரெண்டு உள்ளங்கை சேருது பாருங்க, அப்படிப் போயி அந்தச் சீட்டு மேல அச்சா ஒட்டிக்கும். வேற எந்தச் சீட்டையும் தொடாது. ஒட்டிருச்சுன்னா மாஸ்டரால படிக்க முடியாது. படிக்காட்டி அந்த ஒரு சரக்கு வராது. அம்புட்டுத்தான். அவுக அதுக்கு இங்கிலீசுல ஒரு பேரு சொல்வாக. நான் எதிர்ச்சீட்டும்பேன். அப்புறம் அவுகளும் எதிர்ச்சீட்டுன்னே சொல்ல ஆரம்பிச்சுட்டாக. வெளிநாட்டுலயே ரெண்டு மூணு எடத்துலதான் அப்ப இதைச் செஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாகளாம்.

டீயா? வேணாம் சார். சரி, சொல்லுங்க. சீனி கம்மியா.

எனக்கு ஒரு மக. தங்கப்பொண்ணு. மூணாங் கிளாசு படிச்சா. லீவு நாளுன்னா என்னோடதான் லேப்புக்கு வருவா. வில்லாபுரத்துலேர்ந்து ஒத்தக்கடைக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும். அவ சீட்டுல உக்கார மாட்டா. டிரைவர் பக்கத்துல இஞ்சின் பெட்டி இருக்குல்ல, சூடா, அதுமேல சாக்கை விரிச்சு உக்காந்துக்கிட்டு, கண்டக்டர் வாயத் தொறக்கறதுக்குள்ள ஸ்டாப்பு பேரை இவ கத்துவா. வில்லாபுரம் எறங்கு, வில்லாபுரம் எறங்குன்னு. மொத ரெண்டு நாளு கண்டக்டர் வஞ்சாரு. அப்புறம் விசிலை மட்டும் அவரு ஊதிக்கிட்டு, பேரு சொல்றதை இவகிட்ட விட்டுட்டாரு. வாய்னா வாய், அப்படி ஒரு வாயி. நான் ஏதாச்சும் கதை சொன்னா நடுவுல புகுந்து, அய்யா, நேத்து வேற மாதிரில்ல சொன்னன்னு புடிச்சுக்குவா.

எம்பத்தாறு சித்திரையில முழங்காலுக்குக் கீழ நீலம் நீலமா இருந்துச்சு. இஞ்சின் பெட்டியில ஏறி எறங்கயில இடிச்சிருப்பான்னு நெனச்சேன். ஒரு அடி வெச்சேன் சார். பஸ்ஸுல ஒழுங்கா உக்காரு கழுதைன்னு முதுகுல ஒரு அடி. அப்புறம் காய்ச்சலு. விடவே இல்ல. பல்லு வெளக்குனா ரத்தம். மேடந்தான் மொதல்ல சொன்னாக, இது சாதாரணக் காய்ச்சல் இல்ல, ரத்தத்தைப் பாக்கணும்னு. அவுகளே ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தாக. நான் பின்னாடி நின்னேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்னு மட்டுந்தான் சொன்னாக.

ரத்தப் புத்துநோயி. மெட்ராசுக்குக் கொண்டுபோங்க, ஆனா அங்க போனாலும் இந்தப் புள்ள ஒடம்பு அந்த மருந்தைத் தாங்காதுன்னு பெரிய டாக்டரு சொல்லிட்டாரு. நாப்பத்தோரு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தா. ரத்தம் ஏத்த ஏத்த உறிஞ்சுச்சு ஒடம்பு. மேடத்துக்கும் அவளுக்கும் ஒரே குரூப்பு. ரெண்டு தரம் குடுத்தாக. ஊருல இருந்து அவுக சொந்தக்காரரு ஒருத்தரு வந்து மொணங்குனாரு. மேடம் சட்டையே பண்ணல, கையை நீட்டிக்கிட்டுப் படுத்துட்டாக.

எங்க வீட்டுக்காரி மலையம்மா ராவும் பகலும் ஈரத்துணியப் புழிஞ்சு புழிஞ்சு அவ நெத்தியில போட்டுக்கிட்டே இருந்தா. காய்ச்சல் விட்டுருச்சா, விட்டுருச்சான்னு கேட்டுக்கிட்டே. அந்த நாப்பத்தோரு நாளும் விடல.

அப்பத்தான் மேடம் கேட்டாக. கேக்காம எடுக்கல சார், நீங்க அப்படி நெனச்சிராதீக. ரெண்டு பேரையும் உக்கார வெச்சுக் கேட்டாக. அவ ரத்தத்துல ஒரு டியூபு வேணும். அந்தக் கெட்ட செல்லு கண்ணாடிக் குடுவைக்குள்ள வளருதான்னு பாக்கணும். வளந்தா எதிர்ச்சீட்டை அதுமேல போட்டுப் பாக்கலாம். உங்க மகளுக்கு இது உதவாது, அம்புட்டுச் சீக்கிரம் முடியாது, பின்னால ஒரு புள்ளைக்கு உதவலாம்னாக. தெளிவாத்தான் சொன்னாக, உதவாதுன்னு. என் காதுல உதவும்னுதான் சார் விழுந்துச்சு.

ஆனியில போயிட்டா.

இல்ல, பரவாயில்ல. டீ குடிக்கிறேன். இருங்க.

பதினாறு முடிஞ்சு வேலைக்குப் போனேன். ஏழு குடுவையில வளக்கப் போட்டதுல ஆறு செத்துப்போச்சு. ஒண்ணு மட்டும் வளருது. நான் இல்லாத அம்புட்டு நாளும் மேடமே பாத்திருக்காக. என்கிட்டக் காமிக்கலாமா வேணாமான்னு அவுகளுக்கு ரோசனை. நானே கேட்டேன், காமிங்கன்னு. மைக்ராஸ்கோப்புல பாத்தா உருண்டை உருண்டையா, பளபளன்னு, சவ்வரிசி மாதிரி. மெதக்குது. ஒண்ணு எங் கண்ணு முன்னாடியே நடுவுல இறுகி ரெண்டாச்சு. மறுநாளு சொன்னேன், மேடம், இதுக்குச் சாப்பாடு இனிமே நான் வெக்கிறேன்னு.

சாப்பாடுன்னா, ஒரு தண்ணி சார். கன்னுக்குட்டி ரத்தத்துல எடுத்த சீரம் ஊத்திக் கலக்குவோம். ரோசாப்பூ செவப்பா இருக்கும். செல்லு தின்னு தின்னு தீத்துருச்சுன்னா மஞ்சளாயிரும். மஞ்சளாச்சுன்னா பசின்னு அர்த்தம். ஒரு நாளு விட்டு ஒரு நாளு. தீவாளி, ஞாயித்துக்கெழமை, பந்த்து, எதுவும் கெடையாது. பந்த்தன்னைக்கு வில்லாபுரத்துலேர்ந்து நடந்தே போனேன். ஒன்றரை வருசம் சார். அதுகிட்டப் பேசவும் செஞ்சேன். யாரும் இல்லாதப்ப, குடுவையக் கண்ணுக்கு நேரா தூக்கிப் புடிச்சுக்கிட்டு, வில்லாபுரம் எறங்குன்னு சொல்லிப் பாத்தேன். கிறுக்குன்னு நெனப்பீக. நெனச்சுக்கங்க.

ஐஸ்ல ஒறைய வெச்சு எடுத்து வெச்சுக்கலாமேன்னா? அடேயப்பா, நீங்க மேடம் கேக்குற மாதிரியே கேக்குறீக. மாட்டாஸ்பத்திரியில காளைச் சினை ஊசிக்குன்னு பொகை வர்ற குளிர்க்கேன் வெச்சிருப்பாகல்ல, அதைக் கெஞ்சி வாங்கி ரெண்டு தரம் ஒறைய வெச்சோம். எடுத்து வெதுவெதுப்பாக்குனா ஒண்ணுகூட முழிக்கல. பெட்டிக்குள்ள வளர்றது மட்டுந்தான். ஒரு குடுவை ரெண்டாச்சு. அம்புட்டுத்தான் உலகத்துலயே.

மலையம்மாவுக்குச் சொல்லல. வருசம் கழிச்சுத்தான் சொன்னேன். சொல்லாம இருந்திருக்கணும். ஒரு நாளு பகல்ல, தலையச் சீவி, நல்ல சேலை கட்டிக்கிட்டு, ஆஸ்பத்திரிக்குப் புள்ளையப் பாக்கப் போற மாதிரி என்னோட பஸ்ஸேறி வந்தா. மேடம் ஸ்டூலைப் போட்டு உக்கார வெச்சு, கண்ணை எப்படி வெக்கணும்னு காமிச்சாக. ரொம்ப நேரம் பாத்தா. பாத்துட்டு மேடத்தைத் திரும்பிப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டா. தாயி, இதுல எது எம்புள்ள, எது சீக்கு?

மேடம் குனிஞ்சு மறுபடி ஒரு தரம் மைக்ராஸ்கோப்புல பாத்தாக சார். அம்புட்டுப் படிச்சவுக. அப்புறம், ரெண்டும் ஒண்ணுதாம்மா, பிரிக்க முடியாதுன்னாக.

மலையம்மா எந்திரிச்சுப் போயி சூட்டுப்பெட்டி கதவு மேல உள்ளங்கைய வெச்சா. சுடுதேன்னா. நான்தான் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, ஆமா, முப்பத்தேழு டிகிரி, ஒடம்புச் சூடு, அப்படித்தான் வெக்கணும்னேன். அவ வேற மாதிரி எடுத்துக்கிட்டா. அப்ப இன்னும் காய்ச்சல் விடலையான்னு கேட்டா.

அதுலேர்ந்து சரியில்ல. சோறு எறங்கல. அடுப்படியில நின்னுக்கிட்டே ஒரு துணிய நனைச்சுப் புழிவா. மறுபடி நனைச்சுப் புழிவா. அவ அங்க சீக்கோடயே கெடக்கா, நீ அந்தச் சீக்குக்குச் சோறு ஊட்டுறங்குறா என்னைய. எனக்கு அது எம்மக. அவளுக்கும் அது மகதான். ஆனா நான் உசுரோட இருக்கான்னு நெனச்சேன். மலையம்மா, புள்ளைய இன்னும் சாக விட மாட்டேங்குறாகன்னு நெனச்சா.

போன கார்த்திகையில எதிர்ச்சீட்டு வந்து சேந்துச்சு. மேடம் படிச்ச எடத்துலேர்ந்து ஒரு ஆளுகிட்டக் குடுத்துவிட்டிருந்தாக. வெள்ளைப் பவுடரு, நெகக்கண்ணுல ஒட்டுற அளவு. அதுக்கா ஒன்றரை வருசம் காத்திருந்தோம்னு இருந்துச்சு. தட்டுல மூணு குழி. மூணுலயும் தங்கப்பொண்ணு செல்லு. மொதக் குழிக்கு ஒண்ணும் போடல. ரெண்டாவதுக்கு அதே பதினஞ்சு எழுத்து, ஆனா வரிசைய மாத்திக் கலைச்சுப் போட்டது. மூணாவதுக்குச் சரியான எதிர்ச்சீட்டு. ஏன் கலைச்சதையும் போடணும்னா, சும்மா ஏதோ ஒண்ணைப் போட்டதாலதான் ஆச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்லிரக்கூடாதுல்ல.

அஞ்சு நாளு. மொத ரெண்டு குழியிலயும் ஈசல் மாதிரி பெருகிருச்சு. மூணாவதுல பெருக்கம் நின்னுபோச்சு. நின்னது மட்டுமில்ல சார், அந்தச் செல்லு வளந்து ஆளாகி, நல்ல ரத்தத்துல இருக்கிற வெள்ளைச் செல்லு மாதிரி உருவம் மாறிருச்சு. மேடம் எக்ஸ்ரே பிலிம் மாதிரி ஒரு பிலிமை வெளிச்சத்துல புடிச்சாக. அந்தச் சரக்கு இருக்கிற எடத்துல கறுப்புக் கோடு விழும். ஒண்ணு, ரெண்டு, பட்டை பட்டையாக் கறுப்பு. மூணாவதுல, ரப்பர் வெச்சு அழிச்ச பென்சில் கோடாட்டம். இருக்குதான்னே தெரியல. கேட்டுருச்சு கண்ணுச்சாமி, மருந்து கேட்டுருச்சுன்னு சொல்லிக்கிட்டே சுவத்துல சாஞ்சு அழுதாக. சிரிக்கவும் செஞ்சாக. ஒன்றரை வருசம், ஒரே ஒன்றரை வருசம் முந்தி வந்திருந்தான்னு ரெண்டு பேருக்கும் மனசுல ஓடுச்சு.

மூணாவது குழியில இருந்ததெல்லாம் அப்புறம் என்ன ஆகும் மேடம்னு கேட்டேன். நல்ல செல்லுக்குன்னு ஒரு ஆயுசு உண்டு, நாலஞ்சு நாள்ல அதுவா அடங்கிரும்னாக. அப்ப அந்தக் குடுவைக்கும் போடலாமேன்னேன். அய்யோ, அதுல கைவெக்கலாமா, அதுதானே மூலம், அதுலேர்ந்துதான் இனி எல்லாம், வெளிநாட்டுல இருந்தும் கேட்டிருக்காக, பொங்கல் முடிஞ்சு ஒருத்தரு வாராரு, ஒரு குடுவைய அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போறாருன்னாக. அப்புறம் என் கையப் புடிச்சுக்கிட்டு, எனக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சுத்தான் சொன்னாக, இது சாகாது கண்ணுச்சாமி, நீங்களும் நானும் போனதுக்கப்புறம் நூறு வருசம் ஆனாலும் வளந்துக்கிட்டே இருக்கும்னு.

நூறு வருசம். நான் வீட்டுக்குப் போயி இதை மலையம்மாகிட்டச் சொல்லல.

கரண்டா? வாரேன் சார், அதுக்குத்தான் வாரேன். போச்சு. போகலன்னு சொல்லல. பொங்கலன்னைக்குக் காலையில பத்து மணி இருக்கும். மேடம் ஊருக்குப் போயிருந்தாக, ஒரு வாரம் லீவு. லேப்புல நான் மட்டுந்தான். அன்னைக்கு உக்கிரபாண்டிக்கு டூட்டியே கெடையாதுங்க. நான்தான் சைக்கிளை மிதிச்சுக்கிட்டு அவரு வீட்டுக்கே போயிக் கூப்பிட்டேன். உள்ள உசுரு ஒண்ணு இருக்குண்ணே, சூடு கொறைஞ்சா தாங்காதுண்ணேன்னு சொன்னேன். எலையில பொங்கலு போட்டு வெச்சிருந்தாக. அப்படியே விட்டுட்டு, கட்டுன புதுவேட்டியோட வந்து ஏறுனாரு. டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் போயிருந்துச்சு. பதினொன்னரைக்குள்ள வந்துருச்சு கரண்டு. வேட்டி பூராம் கரி. உள்ள இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேட்டுட்டுத்தான் போனாரு அந்த மனுசன். டூட்டி இல்லாததால உங்க நோட்டுல எழுதல போல. இப்ப அவரு சொல்றதுக்குச் சாட்சி இல்ல. நான்தான் சாட்சி.

மூணு நாளா? மூணு நாளுன்னு மேடத்துகிட்டச் சொன்னது நான் சார்.

கரண்டு வந்ததும் எனக்கு நிம்மதியா இருந்திருக்கணும்ல. கதவு மேல கைய வெச்சுப் பாத்தேன், மறுபடி சூடு ஏறிருச்சான்னு. ஏறிக்கிட்டிருந்துச்சு. மலையம்மா கைய வெச்ச அதே எடம். அப்புறம் ஐஸ்பெட்டியத் தொறந்தேன். மிச்ச எதிர்ச்சீட்டு கரைச்சபடி டியூபுல இருந்துச்சு. ரெண்டு குடுவையையும் ஒண்ணாக்கி, இருக்கிற மருந்து பத்தணும்னு தண்ணியக் கொறைச்சு வெச்சுக்கிட்டு, போட ஆரம்பிச்சேன். பிப்பெட்டு புடிக்க எனக்குத் தெரியும். காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். அஞ்சு நாளு. எம்புள்ளைக்கு நாப்பத்தோரு நாளும் யாராலயும் ஒரு மருந்து குடுக்க முடியல சார். அதை நான் குடுத்தேன். மூணாம் நாளே பெருகுறது நின்னுச்சு. உருண்டையெல்லாம் மாறி, ஆளாகிருச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா அடங்குச்சு. கடைசி நாளு காலையில மெதக்கிறது ஒண்ணுகூட இல்ல, அடியில தூளாக் கெடந்துச்சு. வீட்டுக்குப் போயி மலையம்மாகிட்ட, தலைக்குத் தண்ணி ஊத்திக்கன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு கேக்கல. போயி ஊத்திக்கிட்டு வந்து, கஞ்சி எடுத்துக் குடிச்சா.

ஆமா சார். தெரிஞ்சுதான் செஞ்சேன்.

மேடம் வந்து பாத்துட்டுத் தரையில உக்காந்துட்டாக. கரண்டு மூணு நாளு வரவே இல்ல, ஐஸ்பெட்டியும் உருகிருச்சுன்னேன். டியூபுல நான் ஊத்தி வெச்ச வெறுந்தண்ணிதான் இருந்துச்சு. அந்தச் செல்லு இல்லாம வெறும் பிலிமை மட்டும் காமிச்சா வெளிநாட்டுல ஒருத்தனும் நம்ப மாட்டானாம். அவுக பட்ட பாடு அம்புட்டும் போச்சு. அது எனக்குத் தெரியாமலா? அதுக்கும் என்னை ஒரு வார்த்தை சொல்லல. உங்க புள்ளைய ரெண்டாந் தரமும் என்னால காப்பாத்த முடியலையே, மன்னிச்சுக்கங்க கண்ணுச்சாமின்னாக. என்கிட்ட, சார். என்கிட்ட மன்னிப்புக் கேட்டாக. அந்த ஆத்தாமையிலதான் உங்களுக்கு லெட்டரு எழுதிட்டாக.

எழுதிக்கங்க, உக்கிரபாண்டி பதினொன்னரைக்குக் கரண்டு குடுத்துட்டாருன்னு. கையெழுத்து இங்கயா? சரி.

மேடத்துக்கா? இன்னும் தெரியாது சார். இங்கேருந்து அவுககிட்டத்தான் போறேன். பத்து நாளா அவுக முன்னாடி போயி நிக்கிறேன், வாய் வர மாட்டேங்குது. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருகிட்ட ஒருதரம் முழுசாச் சொல்லிப் பழகிட்டா, அங்க போயிச் சொல்லிரலாம்னு நெனச்சேன். உங்ககிட்டச் சொல்ல வந்துருச்சு. ஒத்தக்கடை பஸ்ஸு இங்கயே நிக்குமா சார், இல்ல முக்கு வரைக்கும் நடக்கணுமா?